அமைதி வேறு, சமாதானம் வேறு



என் தொழில் மொழிபெயர்ப்பு. ஹைதராபாத் நகரில், மத்திய அரசின் அலுவலகம் ஒன்றில், ஒரு மொழியில் எழுதியதை மற்றொரு மொழியில் எழுதுவதே நாள் முழுவதும் எனக்கு வேலை. இத்தொழிலில் இருப்போர் கடினமான சொற்களைக் கண்டு அஞ்சுவதில்லை. அவற்றுக்கு அகராதி இருக்கிறது. கலைச்சொற் பட்டியல் இருக்கிறது. எளிய சொற்களே எங்களைத் திகைக்க வைப்பவை.

சில மாதங்களுக்கு முன் தமிழாக்கத்திற்காக என் மேசைக்கு ஒரு கோப்பு வந்தது. ஐக்கிய நாடுகளின் பாதுகாப்புச் சபை 2000-ஆம் ஆண்டு அக்டோபர் 31-ஆம் தேதி நிறைவேற்றிய 1325-ஆவது தீர்மானத்தைப் பற்றிய குறிப்பு அதில் இருந்தது. போரினால் பெரிதும் துன்புறுகின்ற மாதருக்கு, போரை நிறுத்தும் பேச்சிலும் இடம் இருத்தல் வேண்டும் என்று அத்தீர்மானம் வற்புறுத்துகிறது. அதன் தலைப்பில் மூன்று பொருள்கள்: முதலாவது பெண்கள், மூன்றாவது பாதுகாப்பு. நடுவில் நின்ற சொல்லை 'அமைதி' என்று எழுதுவதா, 'சமாதானம்' என்று எழுதுவதா என்பதில் எனக்கு அரை நாள் கழிந்தது.

இரண்டும் ஒன்றுதானே என்று நீங்கள் கேட்கலாம். நம் வீடுகளில் இச்சொற்கள் எவ்வாறு வழங்குகின்றன என்பதைச் சற்று எண்ணிப் பாருங்கள். கும்பகோணத்திற்கு அருகில் எங்கள் ஊருக்கு என்னைப் பெண் பார்க்க வந்தவர்களிடம் என் தகப்பனார் எடுத்துச் சொன்ன முதல் தகுதி, 'ரொம்ப அமைதியான பெண்' என்பது. நான் பட்டம் பெற்றவள் என்பது அதற்குப் பிறகே வந்தது. அமைதியான பெண் என்றால் அதிகம் பேசாதவள், எதிர்த்துச் சொல்லாதவள் என்று பொருள். வந்தவர்களும் அப்படியே விளங்கிக்கொண்டார்கள். சமாதானம் என்றாலோ, அங்கே இரண்டு தரப்புகள் இருக்கின்றன, மனக்கசப்பு இருக்கிறது, நடுவில் ஒருவர் போய்ப் பேசவேண்டியிருக்கிறது. அண்ணன் தம்பி பாகப் பிரிவினையில் முகம் திருப்பிக்கொண்டால், அத்தை இரண்டு வீட்டுக்கும் நடந்து நடந்து சமாதானம் செய்து வைக்கிறாள். அந்த அத்தை அமைதியாக இருந்துவிட்டால் காரியம் நடவாது.

பெண்கள் உலகில் சமாதானம் வளர்ப்பதைப் பற்றிப் பேசும்படி என்னைப் பணித்திருக்கிறார்கள். பொருளோ பெரிது. நான் வாழும் நகரிலிருந்தே தொடங்குகிறேன்.

ஹைதராபாத்தில் நாம்பள்ளிப் பகுதியில் பழைய வீடு ஒன்று உண்டு. பொன் வாயிற்படி என்று பொருள்படும் ஆங்கிலப் பெயர் கொண்டது. 1974-இல் ஹைதராபாத் பல்கலைக்கழகம் தொடங்கியபோது அதற்கு முதல் இருப்பிடமாக இருந்தது இவ்வீடே. சரோஜினி தேவியார் வாழ்ந்த இல்லம் அது. அவருடைய முதல் கவிதை நூலும் அதே பெயரில் 1905-இல் வெளிவந்தது. கவிக்குயில் என்று பள்ளிப் புத்தகத்தில் படித்திருக்கிறோம். படத்துக்கு மாலை போட்டு வைத்துவிட்டபடியால், அவர் எப்படிப்பட்ட மனுஷி என்பதை மறந்துவிட்டோம் என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

வேற்று மாநிலங்களில் குடியேறி வாழும் தமிழர்களாகிய நமக்கு அவர் வரலாற்றில் தனியாக ஒரு சுவை இருக்கிறது. அவரும் வெளியூரிலிருந்து பிழைக்க வந்தவர்களின் குழந்தையே. தந்தை அகோரநாத் சட்டோபாத்தியாயர் வங்காளி. எடின்பரோவில் விஞ்ஞானத்தில் டாக்டர் பட்டம் பெற்று, நிஜாம் சமஸ்தானத்தில் கல்லூரி நடத்த வந்தவர். சரோஜினி 1879 பிப்ரவரி 13-ஆம் தேதி இந்நகரில் பிறந்தார். தெருவில் உருது, பாடத்தில் ஆங்கிலம். பன்னிரண்டு வயதில் மெட்ரிகுலேஷன் தேறியது சென்னைப் பல்கலைக்கழகத்தில். நிஜாம் அளித்த உபகாரச் சம்பளத்தில் 1895-இல் இங்கிலாந்துக்குப் படிக்கச் சென்றார். திரும்பி வந்து 1898-இல் மணந்துகொண்டது டாக்டர் கோவிந்தராஜுலு நாயுடு என்ற தெலுங்கரை. வங்காளப் பிராமணப் பெண்ணுக்கும் நாயுடு வகுப்பினருக்கும் நடந்த இத்திருமணம் அக்காலத்தில் எத்தனை வாய்களுக்கு அவல் ஆகியிருக்கும் என்று நாம் ஊகித்துக்கொள்ளலாம். சென்னையில், சீர்திருத்தச் செம்மல் கந்துகூரி வீரேசலிங்கம் பந்துலு முன்னின்று அதை நடத்தி வைத்தார்.

எந்த ஊர் சொந்த ஊர், எந்த மொழி தாய்மொழி என்று ஒரே வரியில் சொல்ல முடியாத வாழ்வு அவருடையது. இத்தகையோருக்குச் சிறு வயதிலேயே ஒரு பழக்கம் கைகூடிவிடுகிறது: வேற்றார் வீட்டுப் படியேறக் கூச்சப்படாமை. நம் பிள்ளைகளைப் பாருங்கள். தமிழ்நாட்டை விட்டு வெளியே வளர்ந்தவை அடுத்த வீட்டு அடுப்பங்கரை வரை போய் அவர்கள் மொழியில் பேசிவிட்டு வருகின்றன.

1908-ஆம் ஆண்டு செப்டம்பர் 28-ஆம் தேதி மூசி நதி பெருக்கெடுத்து நகருக்குள் புகுந்தது. ஏறத்தாழ 15,000 பேர் மாண்டனர் என்று கணக்கிட்டார்கள். ஆற்றின் மேலிருந்த மூன்று பாலங்கள் சிதைந்தன; குதுப் ஷாஹி மன்னர் காலத்துப் பழைய பாலம் ஒன்றே எஞ்சியது. இன்றைய உஸ்மானியா மருத்துவமனை வளாகத்தில் உள்ள புளிய மரத்தின் மேல் ஏறி நின்று சுமார் 150 பேர் உயிர் தப்பினார்கள். பின்னர் விசுவேசுவரய்யாவை அழைத்து யோசனை கேட்டதும், அதன்படி 1920-இல் உஸ்மான் சாகரும், 1927-இல் ஹிமாயத் சாகரும் எழுந்ததும் பொறியியல் நூல்களில் விரிவாக இருக்கின்றன. வெள்ளத்தின் மறுநாள் யார் சோறு கொடுத்தார், யார் துணி கொடுத்தார் என்பதைப் பற்றித்தான் நூல்களில் அதிகம் காணோம்.

அந்த நிவாரணப் பணியில் முன்நின்றவர் சரோஜினி தேவியார். அப்போது அவருக்கு வயது இருபத்தொன்பது. நான்கு குழந்தைகளின் தாய். உடம்பும் அத்தனை வலுவானதன்று. பர்தா முறை வேரூன்றியிருந்த நகரம் அது. ஆண் தொண்டர் வாசலோடு நின்றுவிட வேண்டிய வீடுகளில் பெண்ணொருத்தி உள்ளே போகலாம்; உருதுவில் பேசத் தெரிந்தவள் என்றால் இன்னும் நல்லது. இந்து வீடு, முஸ்லிம் வீடு என்று வெள்ளம் பிரித்துப் பார்க்கவில்லை, அவரும் பார்க்கவில்லை. அப்பணிக்காக ஆங்கில அரசு அவருக்குக் கெய்சர்-இ-ஹிந்த் பதக்கம் அளித்தது. 1919-இல் ஜாலியன்வாலாபாக் படுகொலைக்குப் பின் அதை அவர் திருப்பி அனுப்பினார் என்பது யாவரும் அறிந்ததே. இந்து முஸ்லிம் ஒற்றுமையைப் பற்றி அவர் பிற்காலத்தில் எத்தனையோ மேடைகளில் முழங்கினார். அந்தப் பேச்சுக்கு வேர் இந்தச் சேற்றில்தான் இருந்தது என்பது என் எண்ணம்.

இங்கே என் அனுபவம் ஒன்றையும் சொல்ல அனுமதிக்க வேண்டும். 2020-ஆம் ஆண்டு அக்டோபர் 13, 14 தேதிகளில் ஹைதராபாத்தில் பெய்த பேய்மழையைப் பலரும் நினைவில் வைத்திருப்பீர்கள். எங்கள் குடியிருப்பின் கீழ்த்தளத்தில் இடுப்பளவு நீர். கீழே ஒரு முஸ்லிம் குடும்பம். அவ்வீட்டு மூத்த அம்மாளை எல்லோரும் ஆபா என்போம். இரண்டாம் மாடியில் ஒரு தெலுங்குக் குடும்பம். தண்ணீர் லாரிக்கு யார் எவ்வளவு பணம் கொடுப்பது என்ற தகராறில் இவ்விரு வீடுகளுக்கும் இரண்டு ஆண்டுகளாகப் பேச்சுவார்த்தை கிடையாது. அன்றிரவு ஆண்கள் எல்லோரும் கைப்பேசியை வைத்துக்கொண்டு அதிகாரிகளை அழைத்தவண்ணம் இருந்தார்கள். மாடியிலிருந்த தெலுங்கு அம்மாள் புடவையை வரிந்து கட்டிக்கொண்டு இருட்டில் இறங்கிப் போய், ஆபாவின் கையைப் பிடித்து மேலே அழைத்து வந்தாள். மூன்று நாள் ஒரே அடுப்பு. நானும் ரசம் வைத்தேன். அந்த ரசத்தை ஆபா மருந்து என்று நினைத்துக் குடித்தார்கள். அதோடு தண்ணீர்த் தகராறு ஒழிந்ததா என்றால், ஒழியவில்லை. அடுத்த கோடையில் லாரி வந்தது, தகராறும் வந்தது. ஆனால் இப்போது இருவரும் நேருக்கு நேர் பேசிச் சண்டையிடுகிறார்கள். இரண்டு ஆண்டு மௌனத்தைவிட எனக்கு இது மேலாகப் படுகிறது.

சரோஜினி தேவியாரிடம் திரும்புவோம். 1917-ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் இந்திய மந்திரி மாண்டேகு சென்னைக்கு வந்திருந்தார். அவ்வாண்டு அடையாறில் தோன்றிய இந்திய மாதர் சங்கத்தின் முயற்சியால், பெண்களின் தூதுக்குழு ஒன்று அவரைச் சந்தித்தது. தலைமை வகித்தவர் சரோஜினி. ஆண்களுக்கு எந்த நிபந்தனையோ அதே நிபந்தனையில் பெண்களுக்கும் வாக்குரிமை வேண்டும் என்பது கோரிக்கை. 1919-இல் லண்டன் வரை சென்று பாராளுமன்றக் குழுவின் முன் சாட்சியம் சொன்னார். பாராளுமன்றம் தானே வாக்குரிமை தர மறுத்து, மாகாணச் சபைகளின் விருப்பத்துக்கு விட்டது. 1921-இல் மாகாணங்களில் முதலாவதாகப் பெண்களுக்கு வாக்களித்தது நம் சென்னை மாகாணம்.

1925-இல் கான்பூர்க் காங்கிரசுக்கு அவர் தலைமை வகித்ததையும் பிறவற்றையும் விரைந்து கடந்து, 1930-க்கு வருகிறேன். தண்டி யாத்திரையில் காந்தியடிகளோடு புறப்பட்ட 78 பேரில் ஒரு பெண்கூட இல்லை. பெண்கள் இதை எதிர்த்துக் குரல் எழுப்பினார்கள். மே மாதத் தொடக்கத்தில் அடிகள் கைதானார். அவருக்குப் பின் தலைமையேற்ற அப்பாஸ் தயாப்ஜியும் கைதானார். அடுத்து யார் என்ற கேள்வி எழுந்தபோது, தராசனா உப்பளத்தின் முன் தொண்டர் அணிக்குத் தலைவியாக வந்து நின்றவர் ஐம்பத்தொரு வயதான சரோஜினி. 1930 மே 21-ஆம் தேதி ஏறத்தாழ 2,500 தொண்டர்கள் அங்கே திரண்டார்கள். வரிசை வரிசையாக முன்னேறி, தடியடி பட்டு விழுந்தார்கள். விழுந்தவர்களைத் தூக்கிச் சென்றதும் அடுத்த வரிசை முன்னேறியது. அடியைத் தடுக்கக்கூட ஒருவர் கை உயர்த்தவில்லை. அமெரிக்க நிருபர் வெப் மில்லர் கண்ணால் கண்டு எழுதிய செய்தி உலகெங்கும் பரவியது. அடி வாங்குவதற்கு ஆள் சேர்த்து, அவர்கள் திருப்பி அடியாதபடி கட்டிக் காப்பது எத்தகைய தலைமை என்பதை நான் பலமுறை எண்ணிப் பார்த்ததுண்டு. ஒரு படையை ஏவுவது இதனினும் எளிதாக இருக்கும். அன்றே அவரும் கைதானார்.

இவ்வளவுக்கும் அவர் அமைதியான பெண்மணி அல்லர். வாய்த்துடுக்கு அவருக்குப் பிறவிக் குணம். காந்தியடிகளையே மிக்கி மவுஸ் என்று அழைத்துக் கேலி செய்தவர். அடிகளும் அதை மகிழ்ந்து ஏற்றார்.

அவர் நினைத்ததெல்லாம் நிறைவேறியதா? இல்லை என்பதைச் சொல்லத்தான் வேண்டும். 1918-இல் சென்னையில் கணேஷ் கம்பெனியார் ஒரு நூலை வெளியிட்டார்கள். ஜின்னாவின் பேச்சுகளும் எழுத்துகளும் அடங்கிய தொகுதி அது. அதற்கு வாழ்க்கைக் குறிப்பு எழுதியவர் சரோஜினி. நூலின் தலைப்பே ஜின்னாவை ஒற்றுமையின் தூதர் என்று கூறியது. முப்பது ஆண்டுகளுக்குள் நாடு இரண்டாயிற்று. 1947 மார்ச் மாதத்தின் இறுதியில் டில்லிப் பழைய கோட்டையில் ஆசிய நாடுகளின் உறவு மாநாடு கூடியபோது தலைமைப் பீடத்தில் இருந்தவர் இவரே. அந்நாட்களிலேயே பஞ்சாபில் வீடுகள் எரிந்துகொண்டிருந்தன. அடுத்த ஆண்டு செப்டம்பரில் அவர் பிறந்த ஹைதராபாத் சமஸ்தானத்தில் இராணுவம் நுழைந்தது. அப்போது அவர் ஐக்கிய மாகாணத்தின் கவர்னர். சுதந்திர இந்தியாவில் அப்பதவி வகித்த முதற் பெண்மணி. 1949 மார்ச் 2-ஆம் தேதி லட்சுமணபுரியில் அப்பதவியில் இருக்கும்போதே காலமானார். நாடு பிளவுபட்டதைக் கண்ட துயரத்தோடுதான் சென்றிருப்பார்.

அப்படியானால் அவர் தோற்றுவிட்டாரா என்று ஒரு மாணவி என்னிடம் கேட்டாள். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. சமாதானத்தை அணைக்கட்டைப் போல ஒருமுறை கட்டி முடித்து, திறப்பு விழா நடத்த முடியுமா என்றுதான் திருப்பிக் கேட்டேன்.

இதே நகரில் அவர் காலத்தில் சுக்ரா ஹுமாயூன் மிர்சா என்ற அம்மையாரும் வாழ்ந்தார். உருதுவில் எழுதியவர், பெண்களுக்கான பத்திரிகை நடத்தியவர். 1934-இல் பெண்களுக்கென்று அவர் தொடங்கிய ஸஃப்தரியா பள்ளிக்கூடம், சரோஜினியைப் போல் வெளிநாடு செல்ல வாய்க்காத பெண்களுக்கு அடுத்த தெருவிலேயே ஒரு வாயிலைத் திறந்தது.

பட்டமும் பதவியும் உள்ள பெண்களுக்கே இவையெல்லாம் இயலும் என்று யாரேனும் எண்ணினால், ஹைதராபாத்தைத் தலைநகராகக் கொண்டிருந்த அன்றைய ஆந்திரப் பிரதேசத்தின் நெல்லூர் மாவட்டத்துக்கு அவர்களை அழைக்கிறேன். சென்னையிலிருந்து ரயிலில் வருவோர் தூங்கிக்கொண்டே கடந்துபோகும் மாவட்டம் அது. 1990-களின் தொடக்கத்தில் அங்கே அறிவொளி இயக்கம் நடந்தது. பகலெல்லாம் வயலில் உழைத்த பெண்கள் இரவில் லாந்தர் விளக்கடியில் எழுத்துக் கூட்டினார்கள். கையில் கிடைத்த வாசகப் புத்தகத்தில் ஒரு பாடம்: தன் ஊரில் சாராயக் கடையை எழுப்பிய ஒரு பெண்ணின் கதை. துபகுண்டா என்ற சிற்றூரின் பெண்கள், கதையில் வரும் ஊரைப் போலத்தானே நம் ஊரும் இருக்கிறது என்று பேசத் தொடங்கினார்கள். 1992-இல் சாராயம் ஊருக்குள் வரவிடாமல் வழி மறித்தார்கள். ரோசம்மா என்பவர் அவர்களில் பெயர் பெற்றவர். ஓர் ஊரில் பற்றியது மாவட்டம் முழுதும் பரவி, மாநிலமெங்கும் படர்ந்தது. 1993 அக்டோபர் முதல் தேதியிலிருந்து ஆந்திரப் பிரதேசத்தில் சாராயம் தடை செய்யப்பட்டது. 1995 ஜனவரியில் முழு மதுவிலக்கும் வந்தது. 1997-இல் அம்மதுவிலக்கைத் தளர்த்தியதும் உண்மையே. ஆயினும் ஒரு பாடப் புத்தகத்துக்கு இவ்வளவு வலிமை உண்டு என்பது எழுத்துத் தொழிலில் இருக்கும் என் போன்றவர்களைச் சற்றே நாணச் செய்கிறது. நாங்கள் மொழிபெயர்க்கும் சுற்றறிக்கைகளைப் படித்துவிட்டு எவரும் இதுவரை வழி மறித்ததாகக் கேள்வியில்லை.

அப்பெண்கள் வேண்டியதும் ஒருவகைச் சமாதானமே. மாலையில் கூலிப் பணம் வீடு வந்து சேர வேண்டும். இரவில் அடி விழக்கூடாது. நாட்டெல்லையில் நடப்பது மட்டுமே போர் என்று நாம் ஏன் எண்ணிக்கொள்கிறோம்?

ஆப்பிரிக்காவின் மேற்குக் கரையில் லைபீரியா என்ற நாடு பதினான்கு ஆண்டுகள் உள்நாட்டுப் போரில் சிதைந்தது. 2003-இல் அந்நாட்டுப் பெண்கள், கிறிஸ்தவரும் முஸ்லிம்களும் சேர்ந்து, வெள்ளாடை உடுத்தித் தலைநகர் மன்ரோவியாவில் மீன் சந்தையின் அருகே திடலில் நாள்தோறும் அமர்ந்தார்கள். வெயிலிலும் மழையிலும் அமர்ந்தார்கள். பேச்சுவார்த்தை அயல்நாடான கானாவில் இழுத்தடிக்கப்பட்டபோது, அவர்களில் சிலர் அங்கும் சென்று, மண்டபத்தின் வாயிலை அடைத்து உட்கார்ந்து, முடிவு காணாமல் உள்ளே இருப்பவர்கள் வெளியே வரக்கூடாது என்றார்கள். ஆகஸ்ட் 18-ஆம் தேதி உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. அவர்களை நடத்திச் சென்ற லேமா குபோவி 2011-இல் நோபல் சமாதானப் பரிசு பெற்ற மூவரில் ஒருவர். இதில் நமக்கும் ஒரு பங்கு உண்டு. போர் ஓய்ந்த அந்நாட்டில் காவல் பணிக்கு ஐக்கிய நாடுகள் சார்பில் 2007-இல் சென்றது நம் நாட்டின் பெண் காவலர் அணி. முழுவதும் பெண்களைக் கொண்ட இத்தகைய அணி ஐ.நா. வரலாற்றிலேயே அதுதான் முதலாவது. 2016 வரை ஆண்டுக்கொரு குழுவாக மாறி மாறி அங்கே நின்றார்கள்.

பேசுவதற்கு விலையும் உண்டு. அது நம் தமிழ் மண்ணிலேயே நடந்தது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் உடற்கூற்றியல் துறைத் தலைவராக இருந்த டாக்டர் ராஜினி திராணகம, எத்தரப்பார் செய்த கொடுமையாயினும் அதைப் பதிவு செய்ய வேண்டும் என்று நண்பர் மூவருடன் எழுதிய நூல் 'முறிந்த பனை'. போரில் கணவனையும் மகனையும் இழந்த பெண்கள் சொன்னவற்றைக் கேட்டு எழுதியவர் அவர். 1989 செப்டம்பர் 21-ஆம் தேதி மாலை, மிதிவண்டியில் வீடு திரும்பும்போது தம் வீட்டருகிலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். வயது முப்பத்தைந்து. அமைதியாக இருந்திருந்தால் இன்னும் உயிரோடு இருந்திருப்பார் என்று அன்று சொன்னவர்களும் இருந்திருப்பார்கள். அவர்கள் சொன்னது பொய்யும் அன்று. அதனால்தான் அந்தச் சொல்லை எழுதும்போது என் பேனா நின்றது.

அந்தக் கோப்பு என்ன ஆயிற்று என்று சொல்லவில்லையே. தலைப்பிலும், உள்ளே அச்சொல் வந்த இருபத்திரண்டு இடங்களிலும், 'சமாதானம்' என்றே எழுதி அனுப்பினேன். ஒரு வாரத்தில் திரும்பி வந்தது. இருபத்திரண்டு இடத்திலும் சிவப்பு மையில் அடித்து, 'அமைதி' என்று திருத்தி, பட்டியலில் உள்ள சொல்லையே பயன்படுத்தவும் என்று ஓரத்தில் குறித்திருந்தார்கள். தலைப்பை மட்டும் திருத்த மறந்துவிட்டார்கள். நானும் அதைச் சுட்டிக் காட்டாமல் அச்சுக்கு அனுப்பினேன்.